போன் ஒன்று போதாது, ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு,

பிள்ளைகளை விளையாட்டுப் பூங்காவுக்குக் கூட்டிப்போவது பற்றிக் கடந்த ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். "ஸ்மார்ட் போன் ஒன்று கையில் இருந்தால் போதும், செயலியைப் போட்டுக்கொண்டு கவலையின்றிப் புறப்படலாம்" என்று அதில் ஒரு வரி. பொகவந்தலாவை, நோர்வூட், மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வருடா வருடம் பிள்ளைகளை வானிலும் பஸ்ஸிலும் கொழும்புப் பக்கம் இறக்கிக் கூட்டிப்போகிறவர்களில் நானும் ஒருவன். எங்கள் நிலைமை உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் அந்த வரியை அச்சில் விட்டதுதான் வருத்தம்.

பூங்காச் செயலியில் பதிவு செய்யப் போனால் முதலில் கேட்பதே வீட்டு இலக்கமும் வீதிப் பெயரும்தான். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு ஏது வீதி? லயம் முழுவதற்கும் தோட்டத்தின் பெயரும் டிவிஷனும்தான் விலாசம். கட்டத்தை வெறுமையாக விட்டால் சிவப்பு எழுத்தில் பிழை காட்டி அடுத்த பக்கத்துக்கு விடாது. தோட்டத்தை வீதியாகவும் லய இலக்கத்தை வீட்டு இலக்கமாகவும் போட்டுத்தான் கடக்க வேண்டியிருக்கிறது. இந்த விலாசப் பிரச்சினை நேற்று வந்ததா? நேர்முகப் பரீட்சைக் கடிதங்கள் தோட்ட ஆபீஸில் கிடந்து, நாள் முடிந்த பிறகு கைக்கு வந்த எத்தனை பிள்ளைகள் எங்களிடம் இருக்கிறார்கள்!

அடுத்தது ஓடிபி, பணம் கட்டும்போது போனுக்கு வரும் ஒருமுறை இரகசிய இலக்கம். அது வங்கியில் கொடுத்த நம்பருக்குத்தான் போகும், சில நிமிடங்களில் காலாவதியாகும். கொழும்பில் கடையில் நிற்கும் மகனின் வங்கிக் காட் இலக்கத்தைப் போட்டால் ஓடிபி அவன் போனுக்குப் போகிறது. வேலை நேரத்தில் அவன் போனை எடுப்பதில்லை. காட்டுக்காரர் பக்கத்தில் இருக்கும்போதுதான் பணம் கட்ட வேண்டும். தண்ணீர்த் தாங்கி மேட்டில் ஏறி நின்றால் மட்டும் சிக்னல் பிடிக்கும் லயத்தில் இதைத் தொடங்கவே கூடாது, டவுனுக்கு இறங்கும் நாளில் செய்ய வேண்டும். 2020இல் ஒன்லைன் வகுப்புக்காகப் பிள்ளைகள் மலை உச்சிக்கு ஏறியபோது எல்லாரும் படம் பிடித்துப் போட்டார்கள். அந்த மேடுகளில் இன்றும் ஆட்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார்கள்.

கியூஆர் டிக்கெட் வந்தவுடன் ஸ்க்ரீன்ஷொட் எடுத்து இரண்டு போன்களில் வைக்க வேண்டும், ஒன்றைக் கடதாசியிலும் ப்ரின்ட் எடுக்க வேண்டும். சில டிக்கெட்டுகளில் அந்தக் கட்டம் மாறிக்கொண்டே இருக்கும், அவற்றுக்கு ஸ்க்ரீன்ஷொட் செல்லாது. வாசல் வெயிலில் ஸ்கேன் ஆகாவிட்டால் திரையின் வெளிச்சத்தை முழுதாகக் கூட்ட வேண்டும். விரிசல் விட்ட திரை என்றால் படத்தை விரிசலில்லாத பக்கம் நகர்த்திக் காட்ட வேண்டும். இதெல்லாம் கட்டுரையில் ஒரு வரி இல்லை.

பற்றரி பற்றியும் ஒரு சொல் இல்லை. சிக்னல் குறைந்த இடத்தில் போன் டவரைத் தேடித் தேடிக் கூடுதல் சக்தி இழுக்கும். கினிகத்தேனை, கித்துல்கல வளைவுகளைத் தாண்டி அவிசாவளைக்கு இறங்குவதற்குள் பாதி போய்விடும். வானில் ஏறியதும் ஃப்ளைட் மோடில் போட வேண்டும். ஜிபிஎஸ் அப்போதும் வேலை செய்யும், முதல் நாளே கூகுள் மெப்ஸில் அந்தப் பகுதியை ஒஃப்லைனாக இறக்கி வைத்திருந்தால் வழியும் காட்டும். வாகன நெரிசலை மட்டும் காட்டாது. கொள்ளளவு 10,000 எம்ஏஎச் என்று எழுதிய பவர் பேங்க், 3.7 வோல்ட்டை 5 வோல்ட்டாக மாற்றுவதில் போவது போக, 6,000 சொச்சம்தான் தரும். 5,000 எம்ஏஎச் போனுக்கு ஒரு தடவையும் கொஞ்சமும். மலைக் குளிரிலிருந்து இறங்கிய போனைக் கொழும்பு வெயிலில் டாஷ்போர்டில் வைத்தால் சூடேறி சார்ஜ் ஏறுவதே நின்றுவிடும்.

பிள்ளை தவறிப் போவதைப் பற்றி எழுதும்போதாவது கவனம் வேண்டாமா? வாட்ஸ்அப் லைவ் லொகேஷன் 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்றுதான் இருக்கிறது. 15ஐத் தொட்டுவிட்டு நாள் முழுவதும் காட்டும் என்று நம்புகிறார்கள். 8ஐத் தொட்டாலும் டேட்டா முடிந்தால் நின்றுபோகும், பற்றரி சேவரும் சில போன்களில் நிறுத்திவிடும். அம்மாயி கையில் பட்டன் போன் என்றால் அவருக்கு எதுவும் வராது. பிள்ளையின் முன்கையில் நம்பரைப் பேனாவால் எழுதி, தண்ணீர் விளையாட்டு என்றால் சட்டைப்பைக்குள்ளும் பொலித்தீனில் சுற்றிய துண்டு ஒன்று வைத்து, வாசல் பக்கம் கூடும் இடத்தை உள்ளே போகும்போதே காட்டிக் கொடுக்க வேண்டும். 119 பொலிஸுக்கும் 1990 அம்புலன்ஸுக்கும் டேட்டா தேவையில்லை என்பதையும் பெரியவர்களுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

வரிசை நேரம் காட்டும் வசதி டிஸ்னி போன்ற வெளிநாட்டுப் பூங்காச் செயலிகளுக்கு உரியது. அதை எங்களுக்கும் பொதுவானதாக எழுதியது சரியில்லை. உயரக் கட்டுப்பாடு எங்கும் உண்டு. வீட்டுச் சுவரில் பிள்ளையைச் சப்பாத்தில்லாமல் நிறுத்தி சென்ரிமீற்றரில் அளந்துகொண்டு போனால், இரண்டு மணித்தியாலம் வரிசையில் நின்று அழுதுகொண்டு திரும்ப வேண்டியதில்லை. அந்தக் கட்டுப்பாடுகளும் பாதுகாப்பு அறிவித்தல்களும் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும்தான். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியானது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் எங்கள் தாய்மார் செயலியின் பட்டனில் என்ன எழுதியிருக்கிறது என்று பத்து வயதுப் பிள்ளையிடம்தான் கேட்கிறார்கள். 1000 ரூபா நாட்சம்பளத்துக்கு 2021 வரை காத்திருந்த சனம், சிறுகச் சிறுகச் சீட்டுப் பிடித்துப் போகும் ஒரே ஒரு பயணம் ஐயா இது. வாசலில் நின்றுபோனால் அந்த வருடம் அவ்வளவுதான்.

நான் கேட்பது சிறிய உதவி. ஓகஸ்ட் விடுமுறைக்கு முந்திய ஞாயிறு, மேலே சொன்னவற்றை வெட்டியெடுத்துப் பையில் வைக்கும் அளவில், கால் பக்கப் பெட்டியாகத் தமிழில் போடுங்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், லயத்து விளக்கு வெளிச்சத்தில் வாசிக்க வேண்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
பொகவந்தலாவை.