பால் கட்டிக்கொண்டால்

அன்பு மகளுக்கு,

மார்பு இறுகி வலிக்கிறது என்று போனில் நீ சொன்னதை வைத்துப் பார்த்தால் இது பால்கட்டுதான். பிரசவமாகி மூன்றிலிருந்து ஐந்து நாளுக்குள் வரும். சீம்பால் மாறிப் பால் பெருகும் நேரத்தில் ரத்தமும் நிணநீரும் சேர்ந்து தேங்குவதால்தான் மார்பு கல்லாகிறது. உனக்கு ஏற்றிய டிரிப்ஸும் வீக்கத்தைக் கூட்டியிருக்கும். பீய்ச்சினால் நாலு சொட்டுதான் வருகிறது என்று பயப்படாதே. வீக்கம் வழியை அடைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஐந்தாம் நாளுக்குப் பிறகு பிள்ளை நாளைக்கு ஆறு தடவையாவது நன்றாக ஒன்றுக்குப் போனால் பால் போதுகிறது என்று அர்த்தம்.

வாய் வைத்ததும் வழுக்கி வழுக்கி அழுகிறாள் என்றாயே, அவள் மேல் தப்பில்லை. காம்பைச் சுற்றிய கருவட்டம் பந்து மாதிரி விறைத்திருந்தால் அவள் வாய்க்கு அகப்படாது. நுனியை மட்டும் கவ்வுவாள். காம்பும் வெடிக்கும், பாலும் இறங்காது. அதனால் முதலில் அந்த வட்டத்தை இளக்கு. கையைக் கழுவிவிட்டு, நன்றாகச் சாய்ந்துகொண்டு, இரண்டு கை விரல் நுனிகளையும் காம்பின் அடியை ஒட்டிச் சுற்றி வை. நெஞ்சுப் பக்கமாக உள்ளே அழுத்தி, அசைக்காமல் ஒரு நிமிஷம் பிடி. தேய்க்காதே, வலிக்கிற அளவுக்கும் போகாதே. விரலை இடம் மாற்றி இன்னொரு முறை. எடுத்ததும் விரல் பதிந்த பள்ளம் தெரியும். இடம் உதடு மாதிரி மெத்தென்று ஆனவுடனே பிள்ளையைப் போட்டுவிடு. போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் வீக்கம் திரும்பிவிடும்.

வெந்நீர்த் துணி பால் கொடுக்குமுன் இரண்டு நிமிஷம் போதும். நீண்ட நேரம் சூடு வைத்தால் ரத்த ஓட்டம் கூடி வீக்கமும் கூடும். கொடுத்து முடித்தபின் ஐஸைத் துண்டில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிஷம் வை. ஃப்ரிட்ஜில் வைத்த முட்டைக்கோஸ் இலையும் அந்தக் குளிர்ச்சிக்குத்தான்.

எண்ணெய் போட்டு அழுத்தி உருவிவிட யாரையும் விடாதே. உள்ளே நசுங்கி வீக்கம் அதிகமாகும். பூப்போல அக்குள் பக்கமாக வருடினால் போதும். மல்லிகைப்பூ வைத்துக் கட்டச் சொல்வார்கள், வேண்டாம். அது பாலை நிறுத்துவதற்குச் செய்வது. பூ சுரப்பை அடக்குகிறது என்று 1988இல் வெளியான ஓர் ஆய்வும் காட்டியிருக்கிறது.

பம்ப் விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். முழுக்கக் காலியாக்கினால் உடம்பு இன்னும் வேண்டும் போலிருக்கிறது என்று கூடுதலாகச் சுரக்கும். இறுக்கம் தளரும் வரை மட்டும் கையால் பீய்ச்சு. மற்றபடி இரவும் பகலும் சேர்த்து எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை அவளே குடிக்கட்டும். தூங்கினாலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாமல் எழுப்பு. வலிக்கு பாரசிட்டமால் போடலாம், தாய்ப்பாலுக்குக் கெடுதலில்லை. அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள். கம்பி வைத்த பாடி இப்போதைக்கு வேண்டாம்.

தெர்மாமீட்டரை மாப்பிள்ளையிடம் கொடுத்து வை. 101 டிகிரி தாண்டினாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் திட்டாகச் சிவந்து தொடவிடாமல் வலித்தாலோ அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்தாதே, அந்தப் பக்கத்திலும்தான்.

அம்மா