கணினியில் ஒரு கணக்கு, டேப்லெட்டில் ஒரு கணக்கு: மென்பொருள் நிறுவனத்துக்கு ஒரு புகார்க் கடிதம்

அனுப்புநர்
உரிமையாளர்,
ஆத்தங்குடிக் கல் பட்டறையும் விற்பனைக் கடையும்,
காரைக்குடி, சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்
பொது மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: தங்கள் வணிக மேலாண்மை மென்பொருளின் மொபைல், டேப்லெட் செயலியில் உள்ள பிழைகளைத் திருத்தவும், செயலிக்கான சந்தாத் தொகையைத் திருப்பித் தரவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் மென்பொருளைப் பல ஆண்டுகளாகக் கணினியில் பயன்படுத்தி வருகிறேன். அதில் எனக்குக் குறையில்லை. என் குறையெல்லாம், அதனோடு சேர்ந்தது என்று சொல்லித் தாங்கள் விற்ற மொபைல், டேப்லெட் செயலியைப் பற்றியது. தொலைபேசியில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் வந்து, புகாருக்குப் புதிதாக ஒரு டிக்கெட் எண் கொடுத்து, நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொல்கிறார். ஆகவே எழுத்தில் தருகிறேன்.

எங்கள் கல் சிமெண்டில் செய்யும் தரைக் கல்; சதுர அடிக் கணக்கில் விற்கப்படுவது. பன்னிரண்டு அங்குலக் கல் ஒன்று ஒரு சதுர அடி. பத்து அங்குலக் கல் 0.694 சதுர அடி; எட்டு அங்குலக் கல் 0.444 சதுர அடி. கணினியில் தங்கள் மென்பொருள் இதை மூன்று தசம இடங்கள் வரை ஒழுங்காகக் கணக்கிடுகிறது. டேப்லெட்டில் அதே சரக்கை எடுத்தால் தசமத்தை அருகிலுள்ள முழு எண்ணாக்கிவிட்டு, பத்து அங்குலக் கல்லை முழுதாக ஒரு சதுர அடி என்றும், எட்டு அங்குலக் கல்லைச் சுழியம் என்றும் காட்டுகிறது. பெங்களூரில் வீடு கட்டும் ஒரு வாடிக்கையாளர் பத்து அங்குலத்தில் 500 கல் கேட்டிருந்தார். 347 சதுர அடிக்குப் போட வேண்டிய பில்லை டேப்லெட் 500 சதுர அடிக்குப் போட்டது. அதை வைத்தே இ-வே பில்லும், அதாவது சரக்கோடு போக வேண்டிய மின்னணு வழிச்சீட்டும், எடுத்தாயிற்று. வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு போனால் இ-வே பில் கட்டாயம் என்பதும், எடுத்த பில்லை 24 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்ய முடியும் என்பதும், இந்த மென்பொருளை விற்கும் தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஏற்றிய லாரியைப் பட்டறை வாசலிலேயே நிறுத்திவிட்டு, நாங்கள் ஓடி ஓடி அதை ரத்து செய்தோம். அந்த வாடிக்கையாளர் கோபப்படவில்லை. "செட்டிநாட்டுக்காரர் என்று நம்பித்தானே கேட்டோம்" என்று மட்டும் சொன்னார். அவர் நாலு பேரிடம் சொன்னால் என் தொழில் என்ன ஆகும்? என்னைப் பொறுத்தவரை இப்போதே அது பாதி படுத்துவிட்டது.

இதைச் சொல்லத்தான் அன்று தங்கள் சேவை மையத்தை அழைத்தேன். எடுத்த இளைஞர் நான் பேசி முடிக்கும் முன்பே, "சார், டேப் பிடிக்கத் தெரிஞ்சவங்க யாராச்சும் வீட்ல இருந்தா அவங்ககிட்ட போனைக் குடுங்க" என்றார். பேரேடும் ஐந்தொகையும் எழுதிப் பழகிய குடும்பம் எங்களுடையது. எங்கள் ஐயா பர்மாவில் இருந்த காலத்தில் ஒரு சல்லி விடாமல் கணக்கு நேர் செய்து ஊருக்கு அனுப்பியவர். தசமமே தெரியாத செயலியை விற்றுவிட்டு, எனக்கே டேப்லெட் தெரியாது என்பதா? அந்த அழைப்பு பயிற்சிக்காகப் பதிவு செய்யப்படுகிறது என்று தொடக்கத்திலேயே ஒரு குரல் சொன்னது. தயவுசெய்து அந்தப் பதிவைத் தாங்களே ஒருமுறை கேளுங்கள்.

அடுத்தது பில் எண். பட்டறை ஆத்தங்குடியில் இருக்கிறது. கடை காரைக்குடி செக்காலையில் இருக்கிறது. பட்டறைப் பக்கம் நெட் வரும், போகும். விற்க வந்த தங்கள் பிரதிநிதி எங்கள் கடையின் வைஃபையில் அழகாக ஓட்டிக் காட்டி, "நெட் இல்லாவிட்டாலும் பில் போடலாம், நெட் வந்ததும் தானாகச் சிங்க் ஆகிவிடும்" என்று உறுதி சொன்னார். சிங்க் ஆவது உண்மைதான். ஆனால் நெட் இல்லாத நேரத்தில் பட்டறை மொபைலும் கடை டேப்லெட்டும் ஒரே எண்ணை இரண்டு பில்லுக்குப் போட்டுவிடுகின்றன. சிங்க் ஆகும்போது ஒன்று மற்றொன்றின் மேல் ஏறி உட்கார்ந்து, முதல் பில் காணாமல் போய்விடுகிறது. ஜிஎஸ்டி விதிப்படி ஒரு நிதியாண்டுக்குள் பில் எண் திரும்ப வரக்கூடாது. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகள் வைத்துக்கொள்ள அதே விதி இடம் தருகிறது. ஒவ்வொரு கருவிக்கும் தனி முன்னெழுத்து கொடுத்தால் தீர்ந்தது. காரைக்குடியில் பொறியியல் படிக்கும் என் அண்ணன் மகன் ஐந்து நிமிடத்தில் சொன்ன இந்த வழி தங்கள் நிறுவனத்தில் ஒருவருக்குமா தோன்றவில்லை?

சொல்ல மறந்தேன், சிமெண்ட். 22-9-2025 முதல் சிமெண்ட்டுக்கான வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. கணினியில் உடனே மாற்றிக் கொடுத்தீர்கள், அதற்கு நன்றி. டேப்லெட்டில் போடும் கொள்முதல் மட்டும் அதற்குப் பிறகும் 28 சதவீதத்திலேயே நின்றது. எங்களுக்கு விற்றவர்கள் காட்டிய வரியைத் தொகுத்து ஜிஎஸ்டி தளத்தில் வரும் 2பி படிவத்தோடு, கொள்முதலுக்கு நாங்கள் கட்டியதாகக் காட்டும் உள்ளீட்டு வரி ஒத்துப்போகாமல், ஆடிட்டர் எங்களை உட்கார வைத்துக் கேள்வி கேட்டார். புளூடூத் பிரிண்டரில் தமிழ்ப் பெயரெல்லாம் வெறும் கட்டமாக வருவதை இவற்றோடு ஒப்பிட்டால் நான் புகாராகவே எடுக்கவில்லை.

எல்லாவற்றையும் விட என்னை வருத்துவது மதுரைப் பயணம். கருவியை நேரில் கொண்டுவந்தால் அன்றே சரிசெய்து தருவதாகத் தங்கள் சேவை மையம் சொன்னதை நம்பி, தைக் கிரகப்பிரவேசங்களுக்குத் தரை போட ஆட்கள் கல் கேட்டு நெருக்கும் நேரத்தில், கடையைச் சாத்திவிட்டு, திருப்பத்தூர், மேலூர் வழியாகப் பஸ் ஏறித் தங்கள் மதுரைக் கிளைக்குப் போனேன். மதியம் வரை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பிறகு ஒருவர் வந்து, அந்தச் செயலியைத் தங்கள் நிறுவனம் செய்யவில்லை என்றும், வேறொரு நிறுவனத்திடம் ஒப்பந்தத்துக்குக் கொடுத்துச் செய்தது என்றும், கிளையில் கணினி மென்பொருளை மட்டுமே பார்ப்போம் என்றும் சொல்லிவிட்டு, எனக்கு ஒரு டிக்கெட் எண் கொடுத்தார். சந்தா வாங்கும்போது ஒரே நிறுவனம்; பிழை வந்தால் இரண்டு நிறுவனமா? அந்த வேறொருவர் செய்த செயலியில் தசமம் இருக்கிறதா, வரி மாறினால் மாறுகிறதா, இரண்டு கருவியில் ஒரே எண் வருகிறதா என்று விற்பதற்கு முன் யாராவது ஒருவர் பார்த்திருக்க வேண்டாமா? கணினித் திரையில் இருந்ததை மொபைலுக்குச் சுருக்கி, மொபைலில் இருந்ததை டேப்லெட்டுக்கு இழுத்துவிட்டால் அது வணிகச் செயலி ஆகிவிடாது.

தங்கள் மேல் எனக்குப் பகையில்லை. கணினி மென்பொருளைத் தொடர்ந்து பயன்படுத்தவே விரும்புகிறேன். ஆனால் இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் தசமமும் பில் எண் வரிசையும் திருத்தப்பட வேண்டும்; அதற்கு முடியாதென்றால் செயலிக்குக் கட்டிய சந்தா முழுவதும் என் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, சிவகங்கை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். "நீங்கள் வியாபாரி, நுகர்வோர் அல்ல" என்று தங்கள் ஊழியர் ஒருவர் எனக்குச் சட்டம் சொன்னார்; பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவனை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பதை ஆணையத்தின் முன்னால் பேசிக்கொள்ளலாம். அப்போது பெங்களூர் பில்லையும், ஒரே எண் கொண்ட பில்களின் நகல்களையும், மதுரையில் கொடுத்த டிக்கெட் எண்ணையும் சேர்த்தே வைப்பேன். அவற்றின் நகல்களை இத்துடன் இணைத்துள்ளேன்.

இது தொடர்பாக என்னைத் தொலைபேசியில் அழைப்பதாக இருந்தால், காலை பத்து மணிக்கு மேல் அழைக்கலாம். அழைப்பவர் அந்த இளைஞராக மட்டும் இருக்க வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்,
காரைக்குடி.