சாத்தமங்கைத் தீயையும் படியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருமருகலுக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. ஊர்ச் சிவன் கோயிலில் பிரதோஷத்தன்று பெண்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து தேவாரம் பாடுவது பல வருஷப் பழக்கம். போன பிரதோஷத்துக்கு ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணை என்னோடு கூட்டிப் போனேன். காலனித் தெருப் பிள்ளை, நல்ல சாரீரம். கோடு போட்ட நீள நோட்டில் பாட்டை நீல மையிலும், பாடியவர் பெயரையும் தலத்தையும் சிவப்பு மையிலும் எழுதி வைத்திருக்கிறாள். மூச்சு விட வேண்டிய இடங்களில் பென்சிலால் சின்னச் சின்னக் கோடு. யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவளாகச் செய்துகொண்டது.

'மாசில் வீணையும் மாலை மதியமும்' என்று எடுத்தாள். அடுத்த அடிக்கு வருவதற்குள் ஊர்ப் பெரியவர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். கோயிலுக்கு வரலாமாம், கும்பிடலாமாம். சுவாமிக்கு முன்னால் உட்கார்ந்து பாடுவதுதான் கூடாதாம். 1947ஆம் ஆண்டுக் கோயில் நுழைவுச் சட்டம் வாசலைத் திறந்துவிட்டது. அதற்கு மேல் ஒரு படி ஏறினால் இப்படி ஒரு கை நீள்கிறது. "நான் சொல்லலம்மா, சாத்திரம் சொல்லுது. நந்தனாரே தீயில இறங்கித்தானே உள்ள போனார்?" என்றார். பக்கத்தில் இருந்தவர் கீதையைத் துணைக்கு அழைத்தார். நான்கு வருணமும் பகவான் படைத்ததாம். அந்த அடியிலேயே 'குணம், கர்மம் இவற்றின் பிரிவால்' என்றும் இருக்கிறதே என்று கேட்டேன். பதில் வரவில்லை. இதற்குள் அந்தப் பிள்ளை நோட்டை மூடித் தரையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

பெரியவர் சொன்னது பெரியபுராணத்தில் இருக்கிறதா? இருக்கிறது. இந்தப் பிறவி போய் நீங்க எரியில் மூழ்கி வா என்று தில்லையில் இறைவனே சொல்வதாகத்தான் சேக்கிழார் பாடுகிறார். வெண்ணூல் மார்போடு நந்தனார் எழுந்து வந்ததாகவும் பாடுகிறார். அந்தப் பாட்டு எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சை அடைக்கும். இல்லை என்று மறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் தில்லைக்குப் போவதற்கு முன்பே நந்தனார் திருப்புன்கூருக்குப் போயிருக்கிறார். வாசலில் நின்றவர் நேரே கண்டு கும்பிட வேண்டும் என்று அங்கே விலகிக் கொடுத்தது நந்தி. அந்த இடத்தில் தீயும் இல்லை, நிபந்தனையும் இல்லை. வைத்தீசுவரன்கோயில் பக்கம் போகிறவர்கள் விலகி நிற்கும் அந்த நந்தியை இன்றைக்கும் பார்க்கலாம்.

அதே பெரியபுராணத்தில் இன்னொரு தீயும் உண்டு. அது எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில், சாத்தமங்கையில் எரிந்த தீ. இப்போது சீயாத்தமங்கை என்கிறோம். திருநீலநக்கர் அந்த ஊர் வேதியர், ஆசாரத்தில் மிகவும் கெட்டி. ஒரு திருவாதிரை நாளில் சிவலிங்கத்தின் மேல் சிலந்தி விழ, குழந்தை மேல் விழுந்தால் பதறுவதுபோலப் பதறி அவர் மனைவி வாயால் ஊதி உமிழ்ந்து தள்ளினார். எச்சில் பட்டது அபசாரம் என்று அந்த இடத்திலேயே மனைவியைத் துறந்துவிட்டார் நீலநக்கர். அன்றிரவு கனவில் இறைவன் தன் திருமேனியைக் காட்டினார். அந்த அம்மாள் ஊதிய இடம் தவிர மற்ற இடமெல்லாம் கொப்புளம்.

அப்புறம்தான் சம்பந்தர் அந்த ஊருக்கு வருகிறார். கூடவே திருநீலகண்ட யாழ்ப்பாணரும் அவர் மனைவியும். அந்தக் காலத்தில் தாழ்ந்தது என்று ஒதுக்கிய பாணர் குலம். இவர்கள் இரவு தங்க இடம் கொடுங்கள் என்று சம்பந்தர் கேட்க, நீலநக்கர் திண்ணையைக் காட்டவில்லை, கொல்லைப்புறத்தையும் காட்டவில்லை. நடுவீட்டில் வேள்வித் தீ வளர்க்கும் வேதிக்குப் பக்கத்திலேயே இடம் கொடுத்தார். அணையாத அந்தத் தீ முன்னைவிட ஓங்கி, வலமாகச் சுழித்து எரிந்தது என்கிறார் சேக்கிழார். எச்சிலுக்காக மனைவியையே விட்ட மனிதர் எங்கே வந்து சேர்ந்திருக்கிறார், பாருங்கள். இந்த ஊர்ப் பதிகத்தைச் சம்பந்தர் முடிக்கும்போதுகூட, சாத்தமங்கையை 'நீலநக்கன் நெடுமாநகர்' என்றுதான் சொல்கிறார்.

ஒரே புலவர், ஒரே நூல், இரண்டு தீ. ஒன்று ஒரு மனிதரைச் சுட்டபின் உள்ளே விட்டது, மற்றொன்று வந்தவர்களைப் பார்த்து வலம் சுழித்தது. எங்கள் பெரியவருக்கு இரண்டும் தெரியும். நீலநக்கர் குருபூஜைக்கு வருஷா வருஷம் போகிறவர் அவர். அப்படியிருந்தும் அந்தச் சாயங்காலம் அவர் வாயில் ஒன்றுதான் வந்தது. சாத்திரம் சொல்கிறது என்று அவர் அதன்மேல் பழியைப் போடுவதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இரண்டில் எதை எடுத்து அந்தப் பிள்ளைமேல் வீசுவது என்று முடிவு செய்தவர் அவர்தானே?

அவள் பாடிய 'மாசில் வீணை' ஐந்தாம் திருமுறை, தொண்ணூறாம் பதிகம். அதற்கு முப்பது பதிகம் முன்னால் திருமாற்பேற்றில் அப்பர் சுவாமிகள் பாடியிருக்கிறார்:

'சாத்திரம் பல பேசும் சழக்கர்காள்
கோத்திரமும் குலமும் கொண்டு என்செய்வீர்.'

ஒரு வேண்டுகோள். உங்கள் ஆன்மிகப் பக்கத்தில் நந்தனார் கதையை வெளியிடும்போது அடுத்த வாரமே நீலநக்கர் கதையையும் வெளியிடுங்கள். சிலந்தியில் தொடங்கி வேதித் தீ வரை, ஒன்றையும் விடாமல்.

அந்தப் பிள்ளை விட்டுப்போன நோட்டு என்னிடம் இருக்கிறது. அதில் சாத்தமங்கைப் பதிகத்தை நீல மையில் எழுதி முடித்துவிட்டேன். தலத்தின் பெயர் எழுத வேண்டிய இடத்தை மட்டும் அவளுடைய சிவப்புப் பேனாவுக்காக விட்டு வைத்திருக்கிறேன். வருகிற பிரதோஷத்துக்கு அவள் வீட்டுக்குப் போய்க் கேட்பேன். அவள் சரி என்றால் இரண்டு பேரும் சேர்ந்தே போவோம். சுவாமிக்கு முன்னால் அவள் பக்கத்தில் உட்காருவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருமருகல் வட்டாரம்