வங்கிப் புத்தகத்தில் 436 என்ற வரியைப் படித்த தங்கச்சிக்கும், உடன் நின்ற எல்லாருக்கும்

நேற்று முன்தினம் மத்தியானம் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. இறந்துபோன எங்கள் தெரு அண்ணனின் காப்பீட்டுப் பணம் 2 லட்சம் ரூபாய் வரவு. அவர் மனைவி, எங்கள் மதினி, அதை மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். அதற்குப் பிறகுதான் இந்த நன்றியை எழுதத் தெருக்காரர்கள் எங்களுக்குத் தெம்பு வந்தது. அண்ணனுக்கு நடந்தது என்னவென்று தெருவில் எல்லாருக்கும் தெரியும். அதை மறுபடி எழுதவில்லை.

முதல் நன்றி, தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடையில் நிற்கும் தங்கச்சிக்கு.

விதவை உதவித்தொகை மனுவுக்கு மதினியின் வங்கிப் புத்தகத்தில் முதல் பக்கம் போதும். அண்ணனுடைய புத்தகம் அதற்குத் தேவையே இல்லை, மற்றக் காகிதங்களோடு பையில் கிடந்தது. நாங்கள் நீட்டிய காகிதக் கட்டோடு அதுவும் சேர்ந்துவிட்டது. பதிவுகள் இருக்கும் பக்கத்தைக் கண்ணாடியில் கவிழ்க்கப் போனவர் அப்படியே நின்றார். “எக்கா, மே மாசக் கடைசில 436 ரூவா புடிச்சிருக்காவ பாருங்க. இது உசுர் இன்சூரன்ஸ்லா? கிளெய்ம் போட்டாச்சா?”

அதுவரை கிளெய்ம் என்ற சொல் எங்களில் யார் வாயிலும் வரவில்லை. அந்தப் புத்தகத்தை எத்தனையோ பேர் கையில் வாங்கிப் பார்த்தோம். எல்லாரும் கடைசி வரியில் மீதி எவ்வளவு என்றுதான் பார்த்தோம்.

436 ரூபாய் என்பது பிரதான் மந்திரி ஜீவன் ஜோதி பீமா திட்டத்தின் ஒரு வருடத் தவணை. 18 வயது முதல் 50 வயதுக்குள் சேரலாம், 55 வரை தொடரலாம். ஜூன் 1 முதல் அடுத்த மே 31 வரை காப்பு. எந்தக் காரணத்தால் உயிர் போனாலும் நாமினிக்கு, அதாவது பணம் பெற அவர் பெயர் எழுதி வைத்தவருக்கு, 2 லட்சம். அதே பக்கத்தில் 20 ரூபாய் கழிவு இருந்தால் அது சுரக்ஷா பீமா. விபத்தில் இறந்தால் அதில் தனியாக 2 லட்சம் உண்டு. அதற்கு முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் கேட்பார்கள். பழைய புத்தகங்களில் இதே தவணைகள் 330, 12 என்று இருக்கும். 2022 ஜூனில்தான் கூடின. கணக்கு தொடங்கும்போதோ முகாமிலோ ஒரு படிவத்தில் போட்ட கையெழுத்தோடு இது முடிந்துவிடுகிறது. பல வீடுகளில் பாலிசிக் காகிதம் என்று ஒன்றும் கையில் இருக்காது. வீட்டில் சொல்லாமலே போட்டவர்களும் உண்டு. மிஞ்சும் தடயம் வருடத்துக்கு ஒரு வரி, அதையும் புத்தகத்தில் பதிவு போட்டிருந்தால்தான் பார்க்க முடியும்.

தங்கச்சி அதோடு விடவில்லை. அந்தப் பக்கத்தை இரண்டு நகல் எடுத்து, நகலில் மட்டும் பென்சிலால் அந்த வரியின் கீழ் கோடு போட்டார். மூலத்தில் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. ஒரு துண்டுத்தாளில் எழுதியும் கொடுத்தார்: தவணை பிடித்த அதே கிளைக்குப் போகணும், கிளெய்ம் படிவம் அங்கேயே கேட்கணும், இறப்புச் சான்று, நாமினியின் ஆதார், நாமினியின் வங்கிப் புத்தக முதல் பக்கம், எல்லாம் இரண்டு செட், ஒரு செட்டில் முத்திரை வாங்கி வீட்டில் வைக்கணும், கூடிய வரை 30 நாளுக்குள் கொடுத்துவிடணும். கணக்கை இப்போது மூட வேண்டாம், அண்ணன் ஏடிஎம் அட்டையை யாரும் எடுத்துப் பணம் எடுக்க வேண்டாம் என்றும் சொன்னார். வரிசையில் பின்னால் ஆறேழு பேர் நின்றார்கள். அவர்களும் முணுமுணுக்காமல் பொறுத்து நின்றார்கள், அவர்களுக்கும் நன்றி.

வங்கியில் ஒரு சிக்கல் வந்தது. நாமினி இடத்தில் மதினியின் பெயர் கணவர் இனிஷியலோடு, ஆதாரில் அப்பா இனிஷியலோடு. இந்த ஒரு எழுத்தால் திரும்பிவரும் மனுக்கள் ஏராளம். மேலத் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற வருவாய் ஆய்வாளர் அண்ணாச்சி, இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் போட வைத்து அதை முடித்துக்கொடுத்தார். இன்னொரு நடையும் தாமதமும் தப்பியது. இதே திட்டத்தில் மற்றவர்களுக்குத் தட்டிப்போகும் காரணங்களையும் அவர்தான் விளக்கினார். மே கடைசியில் கணக்கில் பணம் இல்லாவிட்டால் தவணை பிடிக்க முடியாது, காப்பு அறுந்துவிடும். புதிதாகச் சேர்ந்து முதல் 30 நாளுக்குள் இறந்தால், விபத்தாக இருந்தாலொழியப் பணம் கிடைக்காது. இரண்டு வங்கியில் இரண்டு 436 பிடித்திருந்தாலும் 2 லட்சம் ஒன்றுதான். நாமினி இல்லையென்றால் வாரிசுச் சான்று வரும்வரை காத்திருக்க வேண்டும்.

இனி மற்றவர்களுக்கு, எல்லாரையும் சேர்த்துத்தான் சொல்ல முடிகிறது.

அண்ணனின் செல்போன் எண்ணை ரீசார்ஜ் செய்துகொண்டே இருந்த டீக்கடை அண்ணாச்சி. வீட்டில் எல்லார் ஆதாரும் ரேஷன் அட்டையும் அந்த ஒரே எண்ணில்தான் இணைந்திருக்கின்றன. சிம் செத்துப்போனால் ஓடிபி வராது, இ-சேவையில் ஒரு மனுவும் நகராது. பாளையங்கோட்டை அரசு மருத்துவமனைக்கு இறப்புச் சான்றுக்காக அலைந்த ஆட்டோ ஸ்டாண்டுப் பிள்ளைகள். உயிர் பிரிந்த இடத்தில்தான் பதிவு, நம்மூர் பஞ்சாயத்தில் கேட்டுப் பயனில்லை என்பதை முதல் நாளே தெரிந்து வைத்திருந்தார்கள். 21 நாளுக்குள் பதிவுக்குக் கட்டணமும் கிடையாது. சான்று ஒன்றுக்கு 60 ரூபாய்க்கு மேல் ஒரு பைசா வாங்காத இ-சேவை மையத்து அக்கா. ரேஷன் அட்டையில் அண்ணன் பெயரை நீக்கும் முன்னால் பழைய அட்டையை நகல் எடுத்து வைக்கச் சொன்ன ரேஷன் கடை சார். வாரிசுச் சான்றுக்கு உறவைக் காட்ட அந்த நகல் உதவியது. மாதம் 1,200 ரூபாய் உதவித்தொகைக்குச் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர், ஆதரவற்ற விதவைச் சான்றுக்குக் கோட்டாட்சியர், இரண்டும் வேறு என்று பொறுமையாகப் பிரித்துச் சொன்ன கிராம நிர்வாக அலுவலர். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதற்குக் காத்திருக்கும் வீடுகள் உண்டு. வீட்டுக்கே வந்து கைரேகை வைத்து மதினிக்கு அஞ்சலகப் பேமெண்ட்ஸ் வங்கியில் கணக்கு தொடங்கிக் கொடுத்த தபால்காரர்.

பிள்ளைகளின் பள்ளித் தலைமையாசிரியை, கேட்பதற்கு முன்பே படிப்புச் சான்று எழுதி வைத்திருந்தார். மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் நலத் திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் 18 வயது வரை கிடைக்கும். கிராமத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மனு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் இருக்கிறது, முடிவு இன்னும் வரவில்லை. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ரசீது எண்ணோடு போய்க் கேட்போம்.

ஒரு மாதம் அடுப்புக்கு அரிசியும் பருப்பும் கொண்டுவந்து வைத்த மகளிர் குழு, ஜமாஅத், சர்ச், அம்மன் கோயில் அன்னதானக்காரர்கள் யாரும் பெயர் எழுத வேண்டாம் என்றார்கள். எழுதவில்லை. அரிசிப் பையோடு நூறு ரூபாய் சில்லறை வைத்திருந்தீர்களே, பேருந்துக்கும் நகலுக்கும் அந்தச் சில்லறைதான் ஓடியது. உதவுகிறவர்கள் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். பெரிய நோட்டை விட, பத்தும் இருபதுமாகக் கொடுத்த பணம்தான் அலுவலக நாட்களில் கை கொடுக்கிறது.

தெருக்காரர்கள் நாங்கள் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். வரும் முதல் ஞாயிறு காலை 10 மணியிலிருந்து 12 மணி வரை நூலகத் திண்ணையில் உட்காருவோம். வீட்டுக்கு ஒருவர் வங்கிப் புத்தகத்தில் பதிவு போட்டுக்கொண்டு வாருங்கள். கடந்த மே, ஜூன் மாதங்களில் 436, 20 கழிந்திருக்கிறதா, நாமினி யார், ஆதாரில் இருக்கும் பெயரும் நாமினி பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பார்ப்போம். தவணை போட்டிருப்பவர்கள் மே 20க்குள் கணக்கில் 500 ரூபாய் இருக்கும்படி வையுங்கள். இரண்டும் சேர்த்து 456 பிடிப்பார்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும், தேதி தாண்டிய அட்டைகள் நம் தெருவிலேயே இருக்கும்.

தங்கச்சி, அந்த இரண்டு நகலுக்குக் காசு வேண்டாம் என்று கையை எடுத்துக்கொண்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கும் முன்னால் திண்ணைக்கு ஒரு நடை வாருங்கள். உங்கள் புத்தகத்தையும் கொண்டு வாருங்கள், நாமினி இடம் காலியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.