பர்லிங்டன் நூலகத்தில் உதவிய அக்காவுக்கு

வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டன் நூலகத்தில், சுருட்டிய நீளப் புகைப்படம் ஒன்றோடு திணறிக்கொண்டிருந்த என்னை, "தம்பி, பிரிக்க வேண்டாம், விரிசல் விட்டுவிடும்" என்று தமிழில் தடுத்த அக்காவுக்கு இந்த நன்றி.

படம் பக்கத்து வீட்டுப் பெரியவருடையது. சாம்ப்ளேன் ஏரிக்கரையில் அவருடைய அப்பா சிறுவனாகத் தங்கிய கோடை முகாம். ஓரம் ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தது. உங்கள் வேலையை மூடி வைத்துவிட்டு வந்தீர்கள். மூடியுள்ள பெரிய டப்பா, அடியில் ஈரத் துணி, தண்ணீர் படாத உயரத்தில் ஒரு தட்டு, அதில் படச்சுருள்: படத்தின் மேலுள்ள ஜெலட்டின் பூச்சு ஈரக்காற்றில் இளகிச் சுருள் தானே தளரும், பூஞ்சை மட்டும் வராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னீர்கள். துண்டுத்தாளில் வரைந்தும் கொடுத்தீர்கள். காசுப் பேச்சை எடுத்ததும் முறைத்தீர்களே, அக்கா!

விரிந்த படத்தில் இடது கோடியில் நிற்கும் பையனே வலது கோடியிலும் சிரிக்கிறான். 1904-இல் காப்புரிமை பெற்ற சர்க்கட் கேமரா சுழன்றபடி படமெடுக்கும். அது சுற்றி முடிப்பதற்குள் வரிசைக்குப் பின்னால் ஓடியிருக்கிறான், படவா! அவன்தான் தன் அப்பா என்கிறார் பெரியவர்.

பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டீர்கள். இந்த அக்காவைத் தெரிந்தவர்கள் இதை அவரிடம் காட்டுங்கள். பெரியவர் அக்காவுக்கென ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறார்.