ஏற்காட்டு ஓட்டைத் திருப்பூரில் போட விடுங்கள்

இந்தியத் தேர்தல் ஆணையத்தாருக்கு,

வணக்கம். நான் ஏற்காடு நாகலூர்க்காரன், பிழைப்பு இங்கிலாந்தில். குடியுரிமையை மாற்றிக்கொள்ளவில்லை. இருந்தும் 2024இல் ஏப்ரல் 19 அன்று மலையிலும், ஜூலை 4 அன்று அங்கேயும் ஓட்டுப் போட்டேன். இந்தியா உள்ளிட்ட காமன்வெல்த் நாட்டுக்காரர் பிரிட்டனில் முறையாக வசித்தால் அங்கே வாக்காளராகலாம். இரண்டு பூத்திலும் நான் நீட்டியது அதே இந்தியப் பாஸ்போர்ட்தான்.

அங்கே தேர்தலுக்கு விடுமுறை இல்லை. வியாழக்கிழமை, காலை 7 முதல் இரவு 10 வரை பூத் திறந்திருக்கும், வேலை முடிந்து போகலாம். மையும் இல்லை, இயந்திரமும் இல்லை. சீட்டில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி, அவ்வளவுதான். போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபேட் கண்ணாடிக்குள் 7 விநாடி சின்னத்தைப் பார்த்துப் பழகிய எனக்குப் பென்சிலை நம்ப மனசே வரவில்லை. ஆனால் அந்தச் சீட்டுகளை ராத்திரியே எண்ணினார்கள். விடிவதற்குள் ஆட்சி மாறியது தெரிந்துவிட்டது. நாம் ஜூன் 4 வரை காத்திருந்தோம். அதில் எனக்குக் குறையில்லை, இத்தனை கோடிப் பேருக்குக் கட்டம் கட்டமாகத்தான் நடத்த முடியும்.

என் வருத்தம் வேறு. பிரிட்டனில் காரணம் சொல்லாமலே தபால் ஓட்டு வாங்கலாம். எங்கள் மலைப் பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனியிலும், கேரளத்து மிளகுத் தோட்டத்திலும் கிடக்கிறார்கள். ஓட்டுப் போடச் சம்பளத்தோடு ஒருநாள் லீவு சட்டத்தில் இருக்கிறது. சேலம் வந்து, மலை பஸ் பிடித்து, 20 கொண்டை ஊசி வளைவு ஏறித் திரும்ப அது போதுமா? பஸ் காசு யார் தருவார்? கட்சிக்காரர் தருவார், வேனே அனுப்புவார். வாக்காளரை வண்டி வைத்து அழைத்துவருவது 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(5) பிரிவில் முறைகேடு. ஆனாலும் வேன் வருவது நிற்கவில்லை.

தபால் ஓட்டை அப்படியே கொண்டுவரச் சொல்லவில்லை. 2004 பர்மிங்காம் மாநகராட்சித் தேர்தலில் தபால் ஓட்டு மோசடி நிரூபணமாகி, வென்றவர்கள் பதவி இழந்தார்கள். நம் ஊரில் கவர் வீட்டுக்கு வந்தால் வார்டு ஆளும் கூடவே வந்து திண்ணையில் உட்காருவார். மறைப்புக்குப் பின்னால் தனியாக நிற்கிற பூத்தான் நமக்குச் சரி.

அதற்கு வழி உங்களிடமே இருக்கிறது. புலம்பெயர்ந்த காஷ்மீரிகளுக்கு சொந்தத் தொகுதிக்கு ஓட்டுப் போட ஜம்முவிலும் டெல்லியிலும் தனிப் பூத் வைக்கிறீர்கள். வெளியூரில் இருப்பவர்கள் அங்கிருந்தே தங்கள் தொகுதிக்கு ஓட்டுப் போடலாம், ஒரே இயந்திரம் 72 தொகுதிக்கு உதவும் என்று 2023 ஜனவரியில் கட்சிகளைக் கூப்பிட்டீர்கள். அவர்கள் சந்தேகப்பட்டார்கள், பேச்சு அதோடு நின்றது. இயந்திரம்தான் தகராறு என்றால் காகிதச் சீட்டு வையுங்கள், எல்லாக் கட்சி ஏஜென்டும் உட்காரட்டும்.

வெளிநாட்டில் இருக்கும் எங்களுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், டிக்கெட் எடுக்க வசதி இருக்கிறது. முதலில் மாநிலத்துக்குள்ளேயே, அடுத்த சட்டமன்றத் தேர்தலில், திருப்பூரில் ஏற்காடு தொகுதிக்கு ஒரு பூத் வையுங்கள்.

இப்படிக்கு,
நாகலூர் வாக்காளர் ஒருவன்