வாக்கி டாக்கியைக் கொஞ்சம் தள்ளி நின்று அழுத்துங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பவர் வீல்சேர் வாங்குவது பற்றி நீங்கள் போட்ட கட்டுரையில் பேட்டரி, டயர், சீட் எல்லாம் வந்துவிட்டது. ரேடியோ அலை பட்டால் வண்டி தானாக நகரக்கூடும் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. நாள் முழுக்க அதில் உட்கார்ந்திருப்பவன் என்பதால் எழுதுகிறேன்.

ஜாய்ஸ்டிக்கைத் தொடாமலே வண்டி ஒரு வெட்டு வெட்டி அரையடி முன்னால் போனால், பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வது ஒன்றுதான்: "கை பட்டிருக்கும்." கை மடியில்தான் இருந்தது என்றாலும் யாரும் நம்புவதில்லை. எனக்கு அப்படி ஆனபோது பக்கத்திலேயே ஒரு செக்யூரிட்டி வாக்கி டாக்கி பட்டனை அழுத்திப் பேசிக்கொண்டிருந்தார், அவர் விரலை எடுத்ததும் வண்டியும் நின்றது.

ஜாய்ஸ்டிக் நடுவில் இருக்கும்போது ஒரு குறிப்பிட்ட வோல்டேஜ், மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலருக்குப் போகும், அதற்கு 'நில்' என்று பொருள். அது சற்றே ஏறினாலோ இறங்கினாலோ 'போ' என்று எடுத்துக்கொள்ளும். வலுவான அலை பக்கத்தில் கிளம்பும்போது உள்ளே ஓடும் வயரே ஆன்டெனாவாகி அந்தச் சின்ன மாற்றத்தைச் செய்துவிடும். சில வண்டிகளில் பிரேக்கும் விட்டுப்போகலாம், சரிவில் நிற்கும்போது அதை நினைத்துப் பாருங்கள்.

அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1994-லேயே இதைப் பற்றி எச்சரித்தது. அலையின் வலுவை மீட்டருக்கு இத்தனை வோல்ட் என்று அளப்பார்கள், அதில் 20 வரை தாங்கும் வண்டி பரவாயில்லை என்பது அப்போது வந்த கணக்கு. வீல்சேருக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 7176-இன் 21-ஆம் பகுதி இந்தச் சோதனைக்காகவே இருக்கிறது. 20 என்றால் நிறைய என்று தோன்றும், ஆனால் 5 வாட் வாக்கி டாக்கி ஒன்று ஒரு மீட்டர் தள்ளியே சுமார் 12 முதல் 15 வோல்ட் வரை தரும், தூரம் பாதியானால் அது இரட்டிப்பாகும். தூரத்து டவரைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் தோளருகே நிற்கும் செட்டைக் கவனிப்பதில்லை.

வண்டி துள்ளினாலே அலைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. பிளக் தளர்ந்திருந்தாலும் ஈரம் இறங்கியிருந்தாலும் அதேதான் நடக்கும். அதனால் அந்த நேரத்தில் பக்கத்தில் யார் என்ன அழுத்தினார்கள் என்று குறித்து வைத்துக்கொண்டு கம்பெனிக்குச் சொல்லுங்கள். அப்புறம், சார்ஜர், லைட் என்று கண்டதையும் வண்டியில் இழுத்துக் கட்டாதீர்கள், ஒவ்வொரு வயரும் தாங்கும் அளவைக் குறைக்கலாம்.

பவரை அணைத்தால் பிரேக் பிடித்துக்கொள்ளும். ஆனால் சுவிட்சை எட்டிப்பிடிக்க முடியாத கை என்பதால்தானே பாதிப் பேர் இந்த வண்டிக்கு வந்தோம்! கூட வருபவருக்கு அது எங்கே இருக்கிறது என்று காட்டி வையுங்கள். செக்யூரிட்டி, போலீஸ், தீயணைப்பு வேலையில் இருப்பவர்கள் பட்டனை அழுத்துமுன் நாலடி தள்ளிப் போகட்டும், முடியாவிட்டால் "வண்டியை ஆஃப் பண்ணிக்குங்க" என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். இதை அடுத்த இதழில் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுவீர்களா?

இப்படிக்கு,
உங்கள் வாசகன்